கரைவலைக் கயிறும் ஒரு பூப்பந்து மட்டையும்

எங்கள் ஊரில் முதல் விசைப்படகு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எழுபத்தெட்டாம் வருஷம் என்று என் மகள் சொல்கிறாள். எனக்கு வருஷத்தைவிட மாதம்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆவணி. காரைக்கால் டவுனுக்குக் கிழக்கே, கடற்கரைக் குப்பத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போவார். நான் மீன் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு தருமபுரம், தலத்தெரு, நெரவி என்று நடந்து விற்றுவிட்டு வருவேன்.

என் மூத்த மகளுக்கு அப்போது பதினொரு வயது. டவுனில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. எங்கள் குப்பத்தில் ஐந்தாவதைத் தாண்டிப் பெண்பிள்ளையை டவுனுக்கு அனுப்பியது அப்போது என் வீடு ஒன்றுதான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய விஷயத்தை வேறு எப்படிச் சொல்வது?

பள்ளிக்கூடம் திறந்த மாதமே அவளைப் பூப்பந்து விளையாட்டில் சேர்த்துவிட்டார்கள். மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்து, மர மட்டை, நடுவில் ஒரு வலை, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். கடற்கரையில் ஓடி வளர்ந்த பிள்ளை, கை நீளம். விளையாட்டு டீச்சர் பார்த்ததும் பிடித்துப் போட்டுவிட்டார். சின்னப் பிள்ளைகள் பிரிவில் சரியாக ஐந்து பேர்தான் தேறினார்கள், இவளையும் சேர்த்து. ஆவணி நடுவில் காரைக்கால் பள்ளிக்கூடங்களுக்குள் போட்டி. அதில் ஜெயித்தால் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் ஆடலாம்.

டீச்சர் என்னைப் பள்ளிக்கூட வாசலுக்கு வரச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டார்.

"ஏம்மா, உங்க பக்கத்துல பொண்ணுங்கள திடீர்னு நிறுத்திடுறாங்க. அஞ்சு பேருல ஒரு ஆளு போனா ஆட்டமே கெடையாது. பாதியில நிறுத்த மாட்டீங்களே?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. "டீச்சர், நாங்க கரைவலை இழுக்கிற குடும்பம். எங்க வீட்டுல கயித்துல கைய வச்சா மடி கரைக்கு வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம்" என்றேன்.

கரைவலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாகப் போட்டு வருவார்கள். அதன் இரண்டு முனைக் கயிறும் கரைக்கு வரும். ஒவ்வொரு கயிற்றிலும் இருபது பேர் நின்று மணிக்கணக்காக இழுக்க வேண்டும். மீன் எல்லாம் நடுவில் பை மாதிரி இருக்கிற மடியில் வந்து சேரும். ஒரு பக்கம் கை தளர்ந்தால் வலை சாய்ந்துவிடும், மீன் அத்தனையும் வெளியே போய்விடும். நாற்பது வீட்டு அடுப்பு அன்றைக்கு அந்தக் கயிற்றில் இருக்கும். அதனால்தான் அந்தப் பேச்சைப் பேசினேன்.

மட்டைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தருமபுரத்தில் நான் வாடிக்கையாக மீன் கொடுக்கிற ஒரு வீட்டில் கிடைத்தது. வீட்டு ஐயா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய், அதனால் தெருவில் அதற்குச் சொல்தா வீடு என்று பெயர். ஐயாவின் வீட்டம்மாவை எல்லாரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், இது சும்மா கிடக்கிறது என்று பரணில் இருந்து ஒரு மட்டையை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். கைப்பிடியில் சிவப்பு நாடா சுற்றியிருந்தது. அன்று கூடையை ஒரு கையாலும் மட்டையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனி போனது. ஆடியில் பாதியும் போனது. பிள்ளை சந்தோஷமாகத்தான் போய் வந்தாள். ஒரு நாள் சாயங்காலம் நான் கருவாடு அள்ளிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, நாளையிலேருந்து நா வெளாடப் போவல."

"ஏன்?"

"போவல."

"யாராச்சும் அடிச்சாங்களா?"

"இல்ல."

"மீன் நாத்தம் அடிக்குதுன்னு எவளாச்சும் சொன்னாளா? சொல்லு, நாளைக்கே கூடையோட வந்து நிக்கிறேன்."

"ஐயோ, இல்லம்மா. யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்ப என்னடி நோவு உனக்கு?"

கால் கட்டைவிரலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றாள். காரணம் இருந்தால் பெரிதாக ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோம்பேறித்தனம் என்று எனக்கு எண்ணம். கயிற்றுப் பேச்சை அவளிடமும் எடுத்தேன். "உன் தாத்தா விட்டாரா, உன் அப்பா விட்டாரா, மழையில வெயில்ல நா விட்டேனா? கைய வச்சாச்சு. மடி கரைக்கு வந்தாத்தான் எடுக்கணும். போ."

என் வீட்டுக்காரர் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், "புள்ளைக்கிப் புடிக்கலன்னா விட்டுடேன்" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். சும்மா இருந்துவிட்டார். எங்கள் வீட்டில் கடலில் அவர் பேச்சு, கரையில் என் பேச்சு.

மறுநாள் அவள் ஒரு வார்த்தை பேசாமல் மட்டையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். பொழுது சாயும் நேரத்துக்கு முகமெல்லாம் நனைந்து, நெற்றி முடி ஒட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தேன். தினமும் அப்படித்தான் வந்தாள். தினமும் அப்படித்தான் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன்: "புள்ளைங்க சொல்றதுக்கெல்லாம் ஆடக்கூடாது. ஒரு தடவ உறுதியா நின்னா போதும், தானா வழிக்கு வருவாங்க." அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

நான் ஒரு நாளும் போய் அவள் ஆடுவதைப் பார்க்கவில்லை. மீன் கூடையோடு பள்ளிக்கூட மைதானத்துக்குள் போகக் கூடாது என்று எனக்கு நானே ஒரு வேலி போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் போடச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் ஒரு கடிதத்தோடு வந்தாள். டீச்சர் கொடுத்தது. நான் மூன்றாவது வரை படித்தவள். பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கார்டில் என் பெயர் படிப்பேன். கையெழுத்து வளைந்து வளைந்து இருந்தால் படிக்க வராது. அவளையே படிக்கச் சொன்னேன். கடிதத்தைப் பார்த்தபடி நிதானமாகப் படித்தாள். "உங்கள் மகள் நன்றாக விளையாடுகிறாள். தொடர்ந்து அனுப்பவும்."

அதை நாலாக மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க மீன் வாங்குகிற வீட்டிலெல்லாம் அதை எடுத்துக் காட்டினேன். நெரவியில் காட்டினேன், தலத்தெருவில் காட்டினேன். டீக்கடைக்காரரிடம்கூடக் காட்டினேன். மீன் ஈரத்தில் அதன் ஓரமெல்லாம் ஊறிப்போனது. ஒருவரும் வாங்கிப் படிக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டு, "பரவால்லியே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று இந்து வீடுகளில் மீன் போகாது. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடுகளில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது, மீன்தான். அதனால் அன்று தருமபுரம் பக்கம்தான் என் வியாபாரம். சொல்தா வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு கொடுவாய் மீனைச் செதில் எடுத்துக்கொண்டே மதாமிடம் கடிதத்தை நீட்டினேன். "நீங்க குடுத்த மட்டை மதாம். பாருங்க, டீச்சர் என்ன எழுதியிருக்காங்கன்னு."

மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கினார். ஒரு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"ஏம்மா, இத யாரு உனக்குப் படிச்சிக் காட்டுனது?"

"ஏன் மதாம்?"

"உன் பொண்ணு ரெண்டு வாரமா வெளாட வரலன்னு எழுதியிருக்கு. நாலு புள்ளைங்க இவளுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்களாம். அடுத்த சனிக்கிழம போட்டியாம். இவ வரலன்னா அந்த நாலு பேரும் ஆட முடியாதாம். வராதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டிருக்காங்க."

என் கையில் இருந்த கத்தி செதிலில் நின்றுவிட்டது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "தெரியும் மதாம். அதுக்குத்தான் உங்ககிட்ட காட்டுனேன்" என்று சொன்னேன்.

அவர் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தார். "தெரிஞ்சா சரி. கொடுவாய நடுத்துண்டா போடு" என்றார். அவ்வளவுதான். என் மானத்தை அன்று அந்த அம்மா காப்பாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் உடனே வீட்டுக்குப் போகவில்லை. டவுனிலேயே ஒரு மர நிழலில் வெறுங்கூடையோடு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் முதல் தடவையாக மைதானத்து வேலி ஓரம் போய் நின்றேன். நாலு பிள்ளைகள் மட்டையோடு நின்றார்கள். ஐந்தாவது இடம் காலி. பந்து அந்த இடத்தில் விழுந்தால் யாராவது ஒருத்தி ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அது என் பிள்ளையின் இடம். வாசலில் நின்று நான் வார்த்தை கொடுத்த இடம்.

அங்கிருந்து வீட்டுப் பக்கம் நடந்தேன். அரசலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தெருக்குழாய் இருந்தது. அங்கே அவள் நின்றாள். மட்டையைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, குழாயில் தண்ணீரைக் கையில் பிடித்து முகத்தில் தெளித்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. நெற்றி முடியை நனைத்து ஒட்டவைத்தாள். பிடரியில் கொஞ்சம். சட்டை முதுகில் கொஞ்சம். ஒரு வேலையைப் பழகினவர்கள் செய்கிற மாதிரி செய்தாள்.

திரும்பி என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அடிக்கத்தான் கையை ஓங்கினேன். ஆனால் இரண்டு வாரப் பழக்கம், கை தானாக முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தது. துடைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் இந்த நெற்றியில் முத்தம் கொடுத்தேனே, ஒரு நாளாவது உப்புக் கரித்ததா? உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வளர்ந்தவள் நான். பச்சைத் தண்ணீருக்கும் வியர்வைக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கிறேன். தெரியாமல் இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை, அதுதான் நிஜம்.

"ஏன்டி?" என்றேன். இந்தத் தடவை கேள்வியாகவே கேட்டேன்.

அழுகையோடு சொன்னாள். "நா பந்த விட்டுட்டேன்னா நாலு பேரும் திரும்பிப் பாக்குறாங்கம்மா."

"திட்டுறாங்களா?"

"இல்ல. திட்டல. திரும்பிப் பாக்குறாங்க. ஒவ்வொரு தடவையும்."

"இத அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ அடிச்சாங்களா, நாத்தம்னாங்களான்னு கேட்ட. அதெல்லாம் இல்ல. இது சின்னதா இருந்திச்சி."

பாலத்து மேலே பஸ் ஒன்று போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். மட்டையை வாங்கி ஓரத்தில் வைத்துவிட்டு, "இனிமே ஒண்ணும் வேணாம், போதும், விட்டுடட்டும்" என்றேன். கோபத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏ புள்ள, நீ கயித்துக் கதைய பாதிதானே அவளுக்குச் சொன்ன."

"என்ன பாதி?"

"கயித்த யாருமே விட்டதில்லியா? இவ பொறந்த அன்னைக்கி நா என்ன பண்ணுனேன்? வல பாதி தூரம் வந்துகிட்டு இருக்கு. உனக்கு வலி கண்டுடுச்சின்னு ஆளு ஓடியாந்தான். நா விட்டுட்டுத்தானே ஓடியாந்தேன்?"

"சும்மாவா விட்டீங்க? என் தம்பிய கூப்புட்டு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"அதத்தான் சொல்றேன்" என்றார். "உன் தம்பி பேர சொல்லிக் கூப்புட்டேன். அவன் வந்து என் கைக்கு முன்னாடி ரெண்டு கையையும் வச்சி இறுக்கிப் புடிச்சான். அப்பறம்தான் நா எடுத்தேன். ஏன் விடுறேன்னு அங்க ஒருத்தன் கேட்டானா? யாரு புடிக்கிறான்னுதானே கேட்டான்?"

எங்கள் கரையில் அதுதான் வழக்கம். வயிற்று வலியாக இருக்கலாம், வீட்டில் விருந்தாளியாக இருக்கலாம், வெறும் சலிப்பாகக்கூட இருக்கலாம். காரணம் அவனவன் சொந்த விஷயம். மணலில் நிற்கிறவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவர் கை கயிற்றில் இறுகிய பிறகு நம் கையை எடுக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டுப் போகிறவனைத்தான் கரையில் யாரும் மதிக்க மாட்டார்கள். சின்ன வயதில் இருந்து நான் பார்த்த வழக்கம். பெருமையில் முன்பாதியை மட்டும் எடுத்துப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிட்டேன். சொல்லிவிட்டுப் போகிற வழியை நான் அடைத்தேன். அவள் சொல்லாமல் போனாள்.

பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டேன்.

"நீ வெளாட வேணாம். ஆனா அந்த நாலு பேர நடுக்கடல்ல விட முடியாது. யாரு புடிக்கிறா?"

யோசிக்கவே இல்லை அவள். "நெரவியிலேருந்து ஒரு பொண்ணு வருதும்மா, என் கிளாஸு. அது தெனமும் வேலிக்குப் பக்கத்துல நின்னு வெறுங்கையாலேயே அடிச்சி அடிச்சிப் பாக்கும். பஸ்ஸு வந்ததும் ஓடிடும். லேட்டா போனா அவங்க அப்பா திட்டுவாங்களாம்."

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு; காலையில் கூடையோடு அவளையும் கூட்டிக்கொண்டு முதலில் டீச்சரை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். பேச வேண்டியதை அவளையே பேச வைத்தேன். தட்டுத் தடுமாறிப் பேசி முடித்தாள். கடிதத்தை மாற்றிப் படித்ததையும் அவளே சொன்னாள். டீச்சர் அவளைத் திட்டவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஆடி மாசமே சொல்லியிருந்தா வேற புள்ளைய தயார் பண்ணியிருப்பேனே. அஞ்சு பேரு பேரும் எழுதிக் குடுத்தாச்சு. மாத்து ஆளுன்னு இன்னும் ஒரு பேரு சேக்கலாம். ஆனா ஒரு வாரத்துல அது எப்படி ஆடும்?"

"புள்ளைய நா கொண்டாரேன் டீச்சர். ஆடுறது அவங்க பாடு" என்றேன். வார்த்தை கொடுக்கிற வியாதி எனக்கு அன்றும் விடவில்லை.

நெரவியில் அந்த வீடு எனக்குத் தெரிந்த வீடுதான். அந்தப் பெண்ணின் அப்பா வீட்டு முன்னால் வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"பொம்பளப் புள்ள பொழுது சாஞ்சி வர்றதா? அதெல்லாம் சரிப்படாதும்மா" என்றார்.

"பொழுது சாஞ்சி தனியா வரச் சொல்லலீங்க. நா கொண்டாந்து உங்க வாசல்ல விட்டுட்டுப் போறேன்."

"காலையில மீன் தூக்கிட்டு வந்துட்டுப் போயி, சாயங்காலம் மறுபடியும் புள்ளைய தூக்கிட்டு வருவியா? காலு என்னத்துக்கு ஆவும்?"

"என் காலு என்னோடது. உங்க புள்ளைய கேளுங்க."

அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. கேட்க வேண்டிய அவசியமே இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் மண்வெட்டியைக் கரையில் குத்தி நிறுத்தினார். பிறகு, "சரி, ஒரு வாரம். வர்றப்ப வெறுங்கூடையோட வராத" என்றார். அந்த வாரம் அவர் வீட்டுக்கு நல்ல சங்கரா மீனாகப் பார்த்துக் கொடுத்தேன்.

அந்த ஆறு நாளும் நான் மைதானத்து வேலிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். என் மகளிடம் ஒன்று சொல்லியிருந்தேன்: அந்தப் பெண்ணின் கை இறுகுகிற வரைக்கும் உன் கை கயிற்றில்தான். அவளும் ஒப்புக்கொண்டாள். தினமும் ஆடினாள், பாதி நேரம் மட்டையை அந்தப் பெண்ணிடம் கொடுத்து எங்கே நிற்க வேண்டும், எப்படித் திருப்பிப் போட வேண்டும் என்று காட்டினாள்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். என் மகள் பந்தை விட்டாள். முன்னால் நின்ற நாலு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பந்து எங்கே போனது என்று பார்க்கிற பார்வைதான். ஆனாலும் எட்டுக் கண் ஒன்றாக வந்து என் வயிற்றில் விழுந்த மாதிரி இருந்தது. சின்னது என்று அவள் சொன்னாள். அது சின்னது இல்லை. நெரவிப் பெண்ணும் பந்தை விட்டது. அதையும் நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அது சிரித்துக்கொண்டே, "என்ன பாக்குறீங்க, அடுத்தத எடுக்குறேன் பாருங்க" என்றது. ஒரே பார்வை ஒரு பிள்ளைக்கு முள், இன்னொரு பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. இதை எந்தத் தாயும் வேலிக்கு வெளியே நின்று கண்டுபிடிக்க முடியாது.

பயிற்சி முடிந்ததும் அந்தப் பெண்ணை நெரவியில் கொண்டுபோய் விட்டு வருவேன். கால் வலித்தது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை போட்டி. முதல் ஆட்டத்தில் என் மகளைத்தான் இறக்கினார் டீச்சர். புதுப் பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று. என் மகள் நன்றாகவே ஆடினாள், சில பந்துகளை விட்டாள், நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அவள் தலையை நிமிர்த்தியே நின்றாள். ஆனாலும் அந்த ஆட்டம் போனது. இரண்டாவது ஆட்டம் நடுவில் டீச்சர் கையைக் காட்டினார். என் மகள் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நெரவிப் பெண்ணைப் பார்த்து, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கரையில் நாங்கள் கூப்பிடுகிற அதே குரல். அந்தப் பெண் ஓடி வந்தது. என் மகள் மட்டையை நீட்டினாள். அது பிடித்தது. இவள் உடனே விடவில்லை. அதன் இரண்டு கையும் சிவப்பு நாடாவில் இறுகுகிற வரைக்கும் தன் கையை வைத்திருந்தாள். பிறகு எடுத்தாள். எடுத்துவிட்டு நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஜெயித்தார்கள் என்று எழுத ஆசைதான். ஜெயிக்கவில்லை. இரண்டாவது ஆட்டத்தை எடுத்தார்கள், மூன்றாவதில் கொஞ்சத்தில் போய்விட்டது. ஆனால் ஐந்து பேரும் நின்று ஆடித் தோற்றார்கள். நாலு பேராக, ஆடாமலேயே வீட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்த வருஷம் அதே பிள்ளைகள் ஜெயித்துப் புதுச்சேரி போனார்கள். விடியற்காலை பஸ்ஸுக்கு வசதி என்று நெரவிப் பெண் முதல் நாளே எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொண்டது. என் மகள்தான் அதற்குத் தலை பின்னிவிட்டாள். மட்டை அந்தப் பெண்ணோடேயே போய்விட்டது. மதாமிடம் சொன்னேன். "மட்டைய எடுத்து ஆடுறவங்களோடதுதான் மட்டை" என்றார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில், கடலுக்குப் போகாத நாட்களில், என் மகளை உட்கார வைத்துக் கையெழுத்து படிக்கக் கற்றுக்கொண்டேன். டீச்சருடைய அந்தக் கடிதத்தையே வைத்துத்தான் படித்தேன். இனி எனக்கு யாரும் எதையும் மாற்றிப் படித்துக் காட்ட முடியாது.

எண்பதுகளில் என் சின்ன மகன் கால்பந்து ஆடப் போனான். அவனும் பாதியில் வந்து, "போவல" என்றான். ஏன் என்று கேட்டேன், சொன்னான், கேட்டுக்கொண்டேன். பிறகு, "யாரு புடிக்கிறா?" என்றேன். இரண்டு நாள் ஆள் தேடினான். மூன்றாம் நாள், "எவனும் சரியா வரமாட்டேங்குறான், நானே ஆடித் தொலைக்கிறேன்" என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு போனான். அவன் கதை அப்படி.

இப்போது என் பேரப்பிள்ளைகள் நீச்சல், கராத்தே என்று எதிலெதிலோ சேர்கிறார்கள், பாதியில் அழுகிறார்கள். கண்டிப்பாக அனுப்பு என்று சிலர் சொல்கிறார்கள், பாவம் விட்டுவிடு என்று சிலர். என்னைக் கேட்டால் நான் தயங்காமல் சொல்வேன்: பிள்ளை விடலாம், சொல்லிவிட்டு விடட்டும், தன் இடத்தில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு விடட்டும். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் கிடையாது. ஆனால் அதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு என்னிடம் வர வழி இருக்கிறதா என்பதில்தான் நான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கிறேன். அதனால்தான், எந்தக் குழந்தை நனைந்த முகத்தோடு வாசலில் வந்து நின்றாலும் முத்தம் கொடுக்கிற சாக்கில், முதலில் அது உப்புக் கரிக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.